பழைய பக்கியில் (பின்னால் சுமைத்தொட்டி உள்ள பிக்கப் வண்டியில்) ஸ்பேர் டயர்: அடியிலா, தொட்டியிலா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து டொங்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னுடையது 90-களில் வந்த பக்கி. அடியில் ஸ்பேர் டயரைத் தூக்கிப் பிடிக்கும் செயின் துருப்பிடித்து இறுகிவிட்டது. செயினை வெட்டி, டயரைப் பின்தொட்டியில் போட்டிருக்கிறேன். இடத்தை அடைக்கிறது, திருப்பத்தில் உருள்கிறது. வேறு எங்கே மாட்டலாம்? பம்பும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்பேரே வேண்டாம் என்கிறான் மகன்."

முதல் வேலையாக அந்த டயரை இன்றைக்கே கட்டிப்போடுங்கள், ஐயா. ரிம்மோடு சேர்த்தால் 25 கிலோ பக்கம் வரும். என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் மலை இறக்கத்தில் திடீரென்று பிரேக் பிடித்தால், அது நேரே கேபினின் பின்கண்ணாடிக்குத்தான் வரும். பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இடம் என்று பார்த்தால், கம்பெனி வைத்த இடமே நல்லது. எடை தாழ்வாக இருக்கும், தொட்டியும் காலியாகக் கிடைக்கும். டர்பன் கரையோர உப்புக்காற்றில் இந்தச் செயின் இறுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மத்தி மீன் கரைக்கு வரும் சீசனில் கடற்கரை மணல்வரை வண்டியை இறக்குகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் இறுகும். பழைய உதிரிபாகக் கடையில் அதே மாடலின் தூக்கி (செயினும் அதைச் சுற்றும் கருவியும்) கிடைத்தால், வாங்கும் முன் கைப்பிடியைச் செருகிச் செயின் முழுவதையும் இறக்கி ஏற்றிப் பாருங்கள். மாட்டிய பின் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை டயரை இறக்கிக் கழுவி, செயினுக்கு கிரீஸ் போட்டால் போதும்.

ஏற்றும்போது கவனிக்க ஒன்று உண்டு. செயின் நுனியில் உள்ள தட்டு ரிம்மின் நடு ஓட்டையில் சரியாக உட்கார வேண்டும். கோணலாக உட்கார்ந்தால் இறுகியது போலவே தெரியும்; நாலு குழியில் விழுந்து எழுந்ததும் தளர்ந்துவிடும். ஏற்றி முடித்ததும் கீழே கைவிட்டு டயரை நன்றாக ஆட்டிப் பாருங்கள். துளியும் அசையக் கூடாது.

அடியில் மாட்டுவதில் ஒரு தொல்லை இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் பானையும் அரிசி மூட்டையுமாக ஏற்றிக்கொண்டு போகிறீர்கள், பின் டயர் இறங்கிவிடுகிறது. வண்டியின் பின்புறம் அப்படியே தாழ்ந்துவிடும். இப்போது ஸ்பேரைக் கீழே விட்டால் தரையில் படுத்துக்கொள்ளும். பம்பருக்கும் டோ பாருக்கும் (டிரெய்லர் இழுக்கும் கம்பிக்கும்) அடியில் அதை வெளியே இழுக்க இடமிருக்காது. அப்போது முதலில் வண்டியை ஜாக்கால் தூக்கிவிட்டு, அப்புறம் டயரை இழுக்க வேண்டும். வண்டிக்கு அடியில் தலையையோ உடம்பையோ நுழைக்காதீர்கள், கொக்கி போட்டு இழுங்கள். ஜாக்கும் இறங்கிய அச்சுக்கு அடியில் நுழையுமளவு குட்டையாக இருக்க வேண்டும். கரும்புக் காட்டு மண்ணில் ஜாக் புதைந்துவிடும், அதனால் ஒரு தடித்த பலகைத் துண்டும் வண்டியிலேயே இருக்கட்டும். பின்னால் படி பம்பரோ டோ பாரோ பிறகு மாட்டியிருந்தால், கைப்பிடி செருகும் ஓட்டையை அது மறைக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுமை ஏற்றிய வண்டியில் இதை முழுவதும் செய்து பார்ப்பது நல்லது.

அந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் தொட்டியில் மாட்டலாம், ஆனால் நிற்க வைத்து. கேபினை ஒட்டிய மூலையில், தொட்டியின் தரைக்கு அடியில் குறுக்குச் சட்டம் ஓடும் இடமாகப் பார்த்து ஒரு இரும்புத் தாங்கியை போல்ட் செய்யுங்கள். வெறும் தகரத்தில் மாட்டினால் ஒரு வருடத்தில் கிழித்துக்கொண்டு வரும். அடியில் பெரிய பட்டைத் தகடு வைத்தே இறுக்க வேண்டும். துளை போடும் முன் கீழே எட்டிப் பாருங்கள்: பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், வயர் எல்லாம் அங்கேதான் போகின்றன. துளையின் விளிம்புக்குப் பெயின்ட் அடிக்காவிட்டால் துரு அங்கிருந்தே கிளம்பும். தாங்கியில் ரிம் ஓட்டைக்குப் பொருந்துகிற இரண்டு ஸ்டட் (மரையுள்ள கம்பி) இருந்தால் போதும், ஒன்றில் பூட்டு நட் போடுங்கள். ஸ்பேர் திருட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்கதவில் மாட்டாதீர்கள், அதன் கீல் இந்த எடைக்குச் செய்ததல்ல. கூரைமேல் வைத்தால் வண்டி ஆடும், தனியாளாக இறக்கவும் முடியாது. முன் பம்பரில் உள்ள இரும்புக் கம்பிமேல் மாட்டுவது பார்க்க ஜோர்தான், ஆனால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறிக்கும்.

இனி டயர். அதன் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் (தரையில் படும் வரிப்பகுதி) தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் பத்து வருடம் தாண்டியதை நம்பாதீர்கள். காற்றை, சுமையோடு பின் டயருக்குச் சொல்லியிருக்கும் அளவுக்கே அடித்து வையுங்கள். கூடுதலாக இருந்தால் வழியில் குறைத்துக்கொள்ளலாம், குறைவாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. உங்களுடையது 4x4 (நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி) என்றால் ஸ்பேரும் மற்ற நாலும் ஒரே சைஸாக இருக்க வேண்டும்.

மகன் சொல்வது பாதி சரி. பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் கிட் போதும், ஸ்பேரைத் தொடவே வேண்டாம். ஆனால் நம் ரோட்டுக் குழியின் விளிம்பில் அடிபட்டு டயரின் பக்கவாட்டு கிழிந்தால் எந்தக் கிட்டும் அடைக்காது. பம்பையும் கிட்டையும் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், ஸ்பேரும் இருக்கட்டும்.