மொரோக்கோவுக்கு ஏன் உலகக் கிண்ணம்?

கேள்வி: 2030 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை நடத்த மொரோக்கோவுக்குத் தகுதி உண்டா என்று, மாலையில் மக்கெய்சர் அரங்கில் பந்தடிக்கும் எங்கள் பிள்ளைகள் வாதிடுகிறார்கள். தங்கள் கருத்து என்ன?
- வாசகர், திருகோணமலை.

பதில்: நிறையவே உண்டு. 1994, 1998, 2006, 2010, 2026 ஆகிய ஐந்து போட்டிகளுக்கும் விண்ணப்பித்துத் தோற்ற நாடு அது. கடைசி வாக்கெடுப்பில் வட அமெரிக்கக் கூட்டணிக்கு 134 வாக்குகள் கிடைக்க, அதற்குக் கிடைத்தவை 65 மட்டுமே. ஆனாலும் மனந்தளராமல் ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகியவற்றுடன் இணைந்து கேட்டு, 2024 டிசம்பரில் வாய்ப்பைப் பெற்றது. ஸ்பெயினையும் மொரோக்கோவையும் பிரிக்கும் ஜிப்ரால்டர் நீரிணையின் ஒடுங்கிய இடத்தில் இரு கரைகளுக்கும் இடையே சுமார் 14 கிலோமீற்றரே உள்ளது என்பதும், 2022இல் அரையிறுதி கண்ட முதல் ஆபிரிக்க அணி அதனுடையது என்பதும், ஆபிரிக்க மண்ணில் இதுவரை ஒரே ஒரு முறைதான், அதுவும் 2010இல் தென்னாபிரிக்காவில், இப்போட்டி நடந்துள்ளது என்பதும் என் பார்வையில் வலுவான நியாயங்கள். ஆயினும், விளையாட்டரங்குகளுக்கு முன் மருத்துவமனைகளைக் கவனியுங்கள் என்று 2025இல் அந்நாட்டு இளைஞர்கள் வீதிக்கு வந்து கேட்டதற்கு, அரசு பதில் சொல்லியே ஆகவேண்டும்.