ஆங்கிலத்தில் உச்சரிக்காத எழுத்துகளை ஏன் எழுதுகிறார்கள்? தப்பாகச் சொல்லி அவமானப்பட்டிருக்கிறீர்களா?

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் எங்கோ நாலு பேர் முன்னால் தலைகுனிந்து வந்தவர் என்று தோன்றுகிறது. எனக்கும் நடந்தது.

ஊர் கன்னியாகுமரி மாவட்டம், தக்கலை பக்கம். படிப்பு முடிந்து சென்னையில் முதல் இன்டர்வியூ. அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். "பிளம்பர் சார்" என்றேன். "பிளமர். பி சைலன்ட்" என்று திருத்திய ஒருவர், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். வேலை கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம், நான் அதைச் சொல்லவில்லை. அப்பாவின் தொழிலைச் சொன்ன இடத்தில் சிரித்தார்களே, அதுதான் இன்றும் ஆறவில்லை. வீட்டில் சொன்னபோது அப்பா, "எதுக்கு மக்களே சிரிச்சாவ?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். லத்தீனில் ஈயத்துக்குப் பெயர் பிளம்பம். ரோமர்கள் தண்ணீர்க் குழாயை ஈயத்தில் செய்தார்கள், தொழிலின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சு வழியாக வந்தபோது பேச்சில் பி உதிர்ந்துவிட்டது. எழுத்தில் மட்டும் லத்தீனைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். கடனுக்குச் சொல்லும் 'டெட்'டிலும் பி அப்படிப் பின்னால் செருகியதே. 'நைஃப்' வேறு கதை. அதன் முன்னால் நிற்கும் கே ஒரு காலத்தில் வாயிலும் இருந்தது. 1476-இல் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் அச்சகம் போட்ட பிறகு எழுத்து மெல்ல மெல்ல இறுகியது. பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது.

குழாயைத் திருகும் பைப் ரெஞ்சை அப்பா 'ரிஞ்சு' என்பார். அதன் முன்னால் ஒரு டபிள்யூ இருப்பது அவருக்குத் தெரியாது. ஆசான் சொல்லிக் காதில் விழுந்த சொல், அதில் டபிள்யூ ஏறவே இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்தவனுக்குத்தான் இந்தச் சிக்கலெல்லாம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

உடனே 'அப்போ தப்பாவே பேசலாமா' என்று யாரும் வர வேண்டாம். என் மகளுக்குச் சரியான உச்சரிப்பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே இன்டர்வியூவில் என் சர்ட்டிபிகேட்டைப் பார்த்து எங்கள் ஊரை 'துக்கலே' என்று வாசித்தார்கள். நான் சிரிக்கவில்லை. போதாததற்கு "மலையாளியா?" என்று ஒரு கேள்வி. 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் இது. அதற்காக எங்கள் ஆட்கள் போராடிச் செத்திருக்கிறார்கள். நாங்கள் பேசும் தமிழைக் கேட்டு இன்னும் எத்தனை வருடம் இதையே கேட்பீர்கள்?

போன மாதம் அப்பாவின் பைக்குக்குப் புது போர்டு எழுதினோம். 'பிளம்பர்' என்றே எழுதச் சொன்னேன், பெரிய எழுத்தில்.