படகுகள் ஓடும் கடலில் ஸ்கூபா: எதை வாங்குவது, யாரை நம்பி இறங்குவது?

கேள்வி: விடுமுறையில் ஸ்கூபா டைவிங் போகிறோம். வழிகாட்டியிடம் மிதவை இருக்கும், நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம் என்கிறார்கள் டைவ் ஷாப்பில். அதுவே போதுமா?

போதாது. வழிகாட்டியின் மிதவை வழிகாட்டி இருக்கும் இடத்தைத்தான் காட்டும். நீரோட்டம் உள்ள கடலில் ஒரு குழு சிதறுவதற்கு இரண்டு நிமிடம் போதும். காற்று சீக்கிரம் தீர்ந்தவர் மற்றவர்களுக்கு முன்பே மேலே வருவார். அவர் தலையை நீட்டும் இடத்தில் எந்த அடையாளமும் இருக்காது.

படகோட்டியின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். நீருக்கு மேலே தெரிவது முப்பது சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கறுப்புத் தலை. அரை மீட்டர் அலை எழுந்தால் அதுவும் மறைந்துவிடும். வேகமெடுக்கும்போது படகின் மூக்கு மேலே தூக்கிக்கொள்வதால், நேர் எதிரே உள்ள நீர் ஓட்டுபவருக்குத் தெரியாது. 20 நாட் வேகத்தில் ஒரு படகு விநாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் கடக்கிறது. நூறு மீட்டர் தொலைவில் உங்களைப் பார்த்துவிட்டாலும் அவருக்குப் பத்து விநாடிகூடக் கிடைக்காது.

நீங்களும் கீழிருந்து படகைக் கண்டுகொள்வது கடினம். நீருக்குள் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். இரண்டு காதுகளையும் அது ஏறக்குறைய ஒரே கணத்தில் எட்டுவதால் இயந்திரச் சத்தம் கேட்கும், எந்தத் திசை என்று பிடிபடாது. ஆகவே நீங்கள் மேலே வருவதற்கு முன்பே உங்கள் அடையாளம் மேலே போய் நிற்க வேண்டும். கீழிருந்தே காற்றடைத்து அனுப்பும் மிதவை (டைவர்கள் டி.எஸ்.எம்.பி. என்பது இதைத்தான்) அதற்காகவே செய்யப்பட்டது. இருவர் ஜோடியாக இறங்கினால் இருவரிடமும் ஒவ்வொன்று இருக்கட்டும். பிரிந்துபோகும் நேரத்தில்தான் அது வேண்டும்.

கேள்வி: கடையில் அடி திறந்தது, பாதி மூடியது, முழுக்க மூடியது என்று மூன்று வகை காட்டுகிறார்கள். எதை வாங்குவது? எவ்வளவு நீளம்?

முதல் மிதவை என்றால் பாதி மூடிய வகையை வாங்குங்கள். அடி திறந்தது விலை குறைவு, காற்று அடைப்பதும் சுலபம். ஆனால் மேலே போனதும் கயிறு ஒரு கணம் தொய்ந்தாலும் குழாய் சாய்ந்து காற்று கொட்டிவிடும். முழுக்க மூடியதை வாயாலோ பி.சி.டி.யின் (மிதப்பைக் கூட்டிக் குறைக்க டைவர் அணியும் காற்றுச் சட்டை) காற்றுக் குழாயாலோ நிரப்ப வேண்டும். பதற்றமான நேரத்தில் அதற்குப் பயிற்சி வேண்டும். பாதி மூடியதில் அடிப்பக்கம் வாத்தின் அலகு போல ஒட்டிக்கொள்ளும் ஒரு மடிப்பு இருக்கும். காற்று உள்ளே போகும், திரும்ப வராது. நீருக்கு மேலே வந்தபின் கூடுதலாக ஊத ஒரு வாய்க்குழாயும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அழுத்தம் கூடினால் தானே காற்றை வெளியேற்றும் வால்வு பாதி மூடியது, முழுக்க மூடியது இரண்டிலும் கட்டாயம். ஆழத்தில் அடைத்த காற்று மேலே போகப் போக விரியும். வால்வு இல்லாவிட்டால் தையல் வாய் பிளந்துவிடும்.

நீளத்துக்கு வருவோம். ஒரு மீட்டருக்குக் குறைவானதை வாங்காதீர்கள்; அதில் கால்வாசி நீருக்குள் நிற்கும். 1.2 மீட்டர் நீளம், தட்டையாக வைத்தால் 15 சென்டிமீட்டர் அகலம் என்பது பழகுவதற்கு ஏற்ற அளவு. முழுக்க நிரம்பினால் எட்டு லிட்டருக்குச் சற்று அதிகமாகக் காற்று பிடிக்கும், ஏறக்குறைய எட்டு கிலோ மேலிழுப்பு. 1.8 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ளது தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் அதற்கு இருபது லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். அரைகுறையாக நிரம்பிய பெரிய மிதவை நீர்மேல் படுத்துக் கிடக்கும். நிமிர்ந்து நிற்கும் சின்னது அதைவிட மேல்.

நிறம் ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற இளஞ்சிவப்பு. மஞ்சளைத் தவிருங்கள், ஆபத்து, உதவி தேவை என்பதற்கு மஞ்சள் மிதவை அனுப்பும் வழக்கம் டைவர்கள் சிலரிடம் உண்டு. நுனியில் ஒளியைத் திருப்பி வீசும் பட்டையும், டார்ச் மாட்ட ஒரு வளையமும் இருந்தால் மாலை நேர டைவுக்குப் பயன்படும்.

வாங்கிய அன்றே வாயால் ஊதி, சோப்புத் தண்ணீர் தடவி, தையலோரமும் வால்வும் குமிழி விடுகின்றனவா என்று பாருங்கள். விட்டால் அப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். கடலில் இறக்கிய பொருளை மாற்றித்தரக் கடைக்காரர் தயங்குவார். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் உள்ளே நல்ல தண்ணீர் விட்டு அலசி, காய வையுங்கள். உப்பு உறைந்தால் அந்த அலகு மடிப்பு ஒட்டிக்கொண்டு, வேண்டிய நேரத்தில் காற்றை உள்ளே விடாது.

கேள்வி: கயிறு சுற்ற ரீல் நல்லதா, ஸ்பூல் நல்லதா?

ஸ்பூல். அசையும் பாகமே இல்லாத வெறும் சக்கரம் அது, கெட்டுப்போக ஒன்றுமில்லை. ரீலில் கயிறு வேகமாக ஓடும்போது தளர்ந்து குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். கயிற்றின் நீளம், மிதவை அனுப்பும் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், ஏனென்றால் நீரோட்டத்தில் கயிறு சாய்வாகத்தான் போகும். 15 மீட்டர் ஸ்பூல் பத்து மீட்டர் ஆழத்துக்குச் சரி. 30 மீட்டர் இருந்தால் கவலையே இல்லை. ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள பின்னல் நைலான் கயிறு வாங்குங்கள்; கயிறு அவிழாமல் ஸ்பூலைப் பூட்டி வைக்கும் இருமுனைக் கொக்கி துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். முலாம் பூசிய மலிவுக் கொக்கியின் ஸ்பிரிங் உப்புநீரில் சீக்கிரம் இறுகிவிடும்.

கேள்வி: மிதவையை அனுப்பும்போது நானும் சேர்ந்து மேலே இழுபட்டேன். மேலே வந்து பார்த்தால் மிதவை படுத்துக் கிடந்தது. பொருளில் குறையா?

பெரும்பாலும் பொருளில் குறை இருக்காது. இரண்டுக்கும் காரணம் காற்றின் அளவும் அனுப்பும் முறையும்தான்.

முதலில் கணக்கு. 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, 10 மீட்டரில் பாதி, 5 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் நீர்மட்டத்தில் முழுதாக நிற்கும். பலர் 5 மீட்டரில் நின்றுகொண்டு கொஞ்சம் காற்று விட்டுவிட்டு, அது மேலே போய் விரிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த ஆழத்திலிருந்து ஒன்றரை மடங்குதான் விரியும். பத்து மீட்டரிலிருந்து அனுப்புங்கள்: 1.2 மீட்டர் மிதவைக்கு நாலு லிட்டர், அதாவது நிறைந்த ஒரு மூச்சு போதும். நாலு கிலோ இழுப்பையும் கையில் தாங்கிக்கொள்ளலாம்.

இழுபடுவதற்கு முக்கியக் காரணம் மூச்சு. ஊதுவதற்காக நெஞ்சு நிறைய இழுத்தவுடன் உடல் மிதக்கத் தொடங்கும், அதே நேரம் மிதவையும் இழுக்கும். ஆகவே கொஞ்சம் கனமாக இருக்கும்படி பி.சி.டி.யில் காற்றைக் குறைத்துக்கொண்டு தொடங்குங்கள். நிமிர்ந்து பாருங்கள்: தலைக்கு மேலே படகின் அடிப்பாகமோ இன்னொரு டைவரோ இருந்தால் காத்திருங்கள். கயிறு ரெகுலேட்டர் (வாயில் கவ்வி மூச்சுவிடும் கருவி) குழாய்க்குப் பின்னால் போகாமல் முன்னால் இருக்கட்டும். கொக்கியைக் கழற்றி, ஸ்பூலைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, உருள விட்டு வையுங்கள். காற்றை விட்டதும் மிதவையை உடனே விட்டுவிடுங்கள். பிடித்துப் பார்த்து, சரிசெய்து, மறுபடி ஊதுவதற்குள் இரண்டு மீட்டர் ஏறியிருப்பீர்கள்.

கயிற்றை விரலில் சுற்றாதீர்கள். ஸ்பூலை பி.சி.டி.யில் மாட்டவே மாட்டாதீர்கள். கயிறு சிக்கினால் மிதவை உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். மேலே ஓடும் படகின் புரொப்பல்லரில் கயிறு மாட்டினால் உங்களையும் சேர்த்தே இழுக்கும். கையில் இருந்தால் விட்டுவிடலாம். ஸ்பூல் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கயிறு வெட்டும் சின்னக் கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மிதவை நிமிர்ந்து நிற்கக் கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். ஏறும்போது கயிற்றைச் சுற்றிக்கொண்டே வாருங்கள், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் பெருத்துக்கொண்டே வந்தால், காற்று மிச்சம் இருக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். சிறு படகுகளின் அவுட்போர்டு புரொப்பல்லர் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குள்தான் சுழலும். நீங்கள் பயப்பட வேண்டியது கடைசி இரண்டு மூன்று மீட்டருக்குத்தான். அதை மெதுவாக, முழு வட்டம் சுற்றிப் பார்த்தபடி கடந்து வாருங்கள். மேலே வந்தபிறகும் முகமூடியும் ரெகுலேட்டரும் கழற்ற வேண்டாம்.

கேள்வி: விசில், கண்ணாடி, ஜி.பி.எஸ். கருவி எல்லாம் வாங்கலாமா?

விசிலும் சின்னக் கண்ணாடியும் வாங்குங்கள். விலை அற்பம், இடமும் அடைக்காது. ஆனால் ஓடும் இயந்திரத்தின் அருகில் இருப்பவருக்கு விசில் கேட்காது. ஏ.ஐ.எஸ். என்ற ரேடியோ முறை மூலம் உங்கள் இருப்பிடத்தைக் கப்பல்களுக்கு அனுப்பும் கருவிகள் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டவரைத் தேடிப் பிடிக்க மிகவும் உதவும். படகு மோதாமல் காக்க அதை நம்பாதீர்கள்: சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறக்கும் சிறு படகுகளில் அதைப் பெறும் கருவியே பெரும்பாலும் இருக்காது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மிதவைக்குக் கொடுங்கள்.

கேள்வி: பணம் கட்டும் முன் டைவ் ஷாப்பிடம் என்ன கேட்க வேண்டும்?

நாங்கள் கீழே இருக்கும்போது படகில் யார் இருப்பார்கள் என்பதுதான் முதல் கேள்வி. இயக்கத் தெரிந்தவர் ஒருவர் முழு நேரமும் படகில் இல்லை என்றால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். வேறு படகு நெருங்கினால் எச்சரிக்கவும், உங்கள் மிதவையைக் கண்டு தன் படகை நடுவில் நிறுத்தவும் ஆள் வேண்டும்.

அடுத்து கொடி. உலகெங்கும் செல்லுபடியாகும் ‘ஏ’ கொடி பாதி வெள்ளை, பாதி நீலம், நீல ஓரத்தில் வெட்டு. கீழே டைவர் இருக்கிறார், மெதுவாக விலகிச் செல்லுங்கள் என்பது அதன் பொருள். 1972-ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 27-ஆவது விதி, சிறிய டைவிங் படகு இந்தக் கொடியின் விறைப்பான வடிவத்தை ஒரு மீட்டர் உயரத்துக்குக் குறையாமல், எல்லாப் பக்கமும் தெரியும்படி காட்ட வேண்டும் என்கிறது. இரவில் மேலிருந்து கீழாகச் சிவப்பு, வெள்ளை, சிவப்பு விளக்கு. சிவப்பில் வெள்ளைச் சாய்கோடு போட்ட கொடி அமெரிக்காவில் பிறந்தது. அங்கே ஃபுளோரிடாவில், திறந்த நீரில் அந்தக் கொடியிலிருந்து 300 அடிக்குள், ஆறு, கால்வாய் போன்ற வழிகளில் 100 அடிக்குள் வரும் படகு மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்க வேண்டும்.

கொடியின் அளவோடு இன்னொன்றையும் பாருங்கள். டைவர்கள் எல்லாரும் ஏறியபின் கொடியை இறக்குகிறார்களா? கரைக்குத் திரும்பும்வரை பறக்கவிடும் படகுகள் உண்டு. எப்போதும் பறக்கும் கொடியை அந்தப் பகுதிப் படகோட்டிகள் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள், பிறகு உண்மையிலேயே கீழே ஆள் இருக்கும்போது அது பயன்படாது.

மூன்றாவது, ஏறும் முறை. ஏணி புரொப்பல்லருக்குப் பக்கத்தில் இருந்தால், நீந்தி வரும்போது இயந்திரம் நிறுத்தப்படுமா, நியூட்ரலில் ஓடுமா என்று கேளுங்கள். நிறுத்த வேண்டும் என்பதே எங்கள் கருத்து. மிகக் குறைந்த வேகத்தில், நிமிடத்துக்கு 400 சுற்று சுழலும் மூன்று இதழ் புரொப்பல்லர்கூட ஒரே இடத்தை விநாடிக்கு இருபது முறை வெட்டிச் செல்கிறது. நியூட்ரலில் வைத்தவரின் கை தவறி கியரில் பட்டால் போதும். இறங்கும் முன்பும் ஏறிய பின்பும் பெயர் சொல்லி எண்ணுகிறார்களா, ரேடியோவும் ஆக்சிஜனும் படகில் உண்டா என்பதையும் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் கடையில் இறங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் படகில் புரொப்பல்லருக்கு வளையக் காப்பு போட்டிருப்பதாக விளம்பரம் செய்கிறார்கள். கூடுதல் காசு கொடுக்கலாமா?

ஏணியருகே கை, கால் வெட்டுப்படும் ஆபத்தை அது குறைக்கும். அந்த அளவில் நல்லதே. ஆனால் நீங்கள் ஏறும் படகுக்குத்தான் காப்பு, உங்கள் மேல் வரக்கூடிய அடுத்த படகுக்கு இல்லை. வேகமாக வரும் படகின் உடம்பு மோதினாலே உயிர் போகும். காப்புக்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் போவது டைவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பகுதி. அங்கேயும் இதெல்லாம் தேவையா?

தேவை. 2000 டிசம்பர் 18 அன்று மெக்சிகோவின் கோசுமெல் தீவருகே, படகுகளுக்குத் தடை விதித்திருந்த டைவிங் பகுதியில், பிரிட்டிஷ் பாடகி கர்ஸ்டி மெக்கால் தன் மகன்களோடு மேலே வந்தபோது வேகப் படகு மோதி இறந்தார். எல்லைக் கோடு வரைபடத்தில் இருக்கும், ஓட்டுபவரின் கண்ணில் இருக்க வேண்டும் என்பதில்லை. கரையிலிருந்து இறங்குகிறீர்கள் என்றால், கடைசியில் அனுப்பும் மிதவைக்குப் பதில், தொடக்கத்திலிருந்தே கொடியுள்ள மிதவையை இழுத்துக்கொண்டு போங்கள்; அதன் அருகிலேயே ஏறுங்கள்.

கேள்வி: ஒரு படகு எங்கள் தலைக்கு மேலேயே போனது. எங்கள் படகில் கொடியே இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அன்றே செய்ய வேண்டியவை: மோத வந்த படகின் பதிவு எண், நிறம், நேரம், உங்கள் படகின் கொடியில்லாத கம்பத்தின் படம், உடன் இருந்தவர்களின் தொடர்பு எண்கள். டைவ் கம்ப்யூட்டரில் ஏறிய நேரமும் ஆழமும் பதிவாகியிருக்கும், அழிவதற்கு முன் இறக்கி வையுங்கள். துறைமுக அதிகாரிக்கோ கடலோரக் காவல் படைக்கோ முதலில் புகார் கொடுங்கள், கடைக்கு அதன் நகலோடு கடிதம் அனுப்புங்கள். சான்றிதழ் வழங்கிய டைவிங் பயிற்சி நிறுவனத்தின் பெயர் கடை வாசலில் இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் ஒரு நகல். கார்டில் கட்டியிருந்தால், சொன்ன சேவை தரப்படவில்லை என்று வங்கியில் பணத்தைத் திரும்பக் கோரலாம். அதற்குக் கால வரம்பு உண்டு, ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.