பாலாற்று டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவுக்குப் பன்னாட்டுக் கடல் ஒப்பந்தம் பொருந்துமா?

நேரடியாகப் பொருந்தாதுங்க. 2023-இல் ஐநாவில் ஏற்ற அந்தக் கடல் பல்லுயிர் ஒப்பந்தம் நாடுகளின் அதிகார எல்லை முடிந்த பிறகுதான் தொடங்குது. கடல் நீரைப் பொறுத்தவரை அந்த எல்லை கரையிலிருந்து 200 கடல் மைல், சுமார் 370 கிலோமீட்டர். பாலாறு கடலில் கலப்பதோ கல்பாக்கம் பக்கம் வாயலூரில், கரையிலேயே.

"கடல் காக்கும் ஒப்பந்தம்" என்று மொட்டையாகப் போடும் செய்திகளால் குழம்பியிருப்பீங்க.

இதைப் பற்றி நீங்க எழுதும் கட்டுரைக்கு நல்ல பிடி நம்ம ஊரிலேயே இருக்கு. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், டேனரி கழிவு விஷயமாகத்தான், மாசு செய்தவரே செலவை ஏற்பது, முன்னெச்சரிக்கை இரண்டும் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது உச்ச நீதிமன்றம். ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவைத் திறந்து பாருங்க, இரண்டும் அங்கேயும் இருக்கும்.

ஆனா "சம்பந்தமே இல்லை"ன்னு எழுதிடாதீங்க. நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்ட கடல் பகுதியில் திட்டமிடும் வேலை பன்னாட்டுக் கடலைக் கணிசமாக மாசுபடுத்தலாம் என்றால் முன்கூட்டியே தாக்க மதிப்பீடு வேணும்னு 28ஆம் பிரிவு சொல்லுது.