பலகை இல்லாத நாற்காலி

அன்புள்ள ஐயா,

ஹாங்காங் பிரிட்டிஷாரிடம் இருந்தபோது அங்கே சீன அரசுக்கு முறையான பிரதிநிதி கிடையாது, சீன அரசின் சின்ஹுவா செய்தி நிறுவனம்தான் அந்த வேலையைப் பார்த்தது என்று படித்தேன். அந்த உளவுக் கூடாரத்தை ஏன் விட்டுவைத்தார்கள்? தூதரகம் ஒன்றுக்கு அனுமதி கொடுத்திருக்கலாமே? வாசிக்க நூல்களும் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘உளவுக் கூடாரம்’ என்று எழுதிவிட்டால் யோசிக்கிற வேலை மிச்சம், இல்லையா? நீங்கள் அப்படிச் சோம்பேறித்தனமாக எழுதுகிறவர் இல்லையே என்றுதான் கோபம் வருகிறது. நூல் பட்டியல் அப்புறம்.

தூதரகம் என்பது அயல்நாட்டில் திறப்பது. ஹாங்காங் தன் மண் என்று சொல்லிவந்த பெய்ஜிங், அங்கே ஒரு கன்சலை, அதாவது துணைத்தூதரை, உட்காரவைத்தால் அது அந்நிய மண் என்று தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். (1869இல் பிரிட்டனோடு பேசிய ஒப்பந்தத்தில், சீனாவை அப்போது ஆண்ட சிங் வம்ச அரசுக்கு அங்கே கன்சல் வைக்க இடம் இருந்தது. வணிகர்கள் போட்ட கூச்சலில் லண்டன் அதை ஏற்கவே இல்லை. அது தனிக்கதை.) அதனால் 1950களில் சீனப் பிரதமர் சூ என்லாய் வேறொரு பெயரில் அதிகாரபூர்வப் பிரதிநிதி ஒருவரை வைக்கக் கேட்டார். ஹாங்காங்கின் பிரிட்டிஷ் ஆளுநர் கிரந்தம் – நமக்கு ஓலைச்சுவடி ஞாபகம் வரும் பெயர் – ஒரே ஊரில் இரண்டு ஆளுநர் சரிப்படாது என்று மறுத்தார். குடிகள் பெரும்பாலும் சீனர்கள். மனுவோடு அவர்கள் எந்த வாசலுக்குப் போவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

சரி, மறுத்து என்ன ஆயிற்று? 1947இலிருந்தே அங்கிருந்த சின்ஹுவா கிளை அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. 1983இல் கிளைத் தலைவராக வந்த சூ ஜியாதுன் நிருபரா? ஜியாங்சு மாகாணக் கட்சிச் செயலாளராக இருந்தவர்! பக்கத்தில், போர்ச்சுக்கீசியரிடம் இருந்த மக்காவ் நகரில் இதே வேலையை நாம் குவாங் என்ற வணிக நிறுவனம் பார்த்தது.

என் பெரியப்பாவுக்கும் எந்தப் பதவியும் கிடையாது. டீக்கடை பெஞ்சின் வலது ஓரம்தான் அவர் ஆபீஸ். சட்டைப்பையில் நாலாக மடித்த மனுக்கள், வியர்வையில் ஊறி மை கலங்கியிருக்கும். தாசில்தார் ஜீப் பஞ்சாயத்து அலுவலகத்தைத் தாண்டி அங்கே வந்துதான் நிற்கும். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நிற்கச் சொன்னபோது அவர் சொன்னது: “போர்டு மாட்டினா கணக்கு கேப்பானுங்கடா.”

கிரந்தத்துக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. பலகை மாட்டவிட்டிருந்தால் அந்த ஆளின் எல்லை இதுவரை என்று எழுதி வாங்கியிருக்கலாம். பலகை இல்லாதவனிடம் எதைக் காட்டி “இது உன் வேலை இல்லை” என்பது?

ஹாங்காங் சீனாவிடம் கைமாறி இரண்டரை ஆண்டு கழித்து, 2000 ஜனவரியில்தான் அந்தச் சின்ஹுவா அலுவலகத்துக்குத் ‘தொடர்பு அலுவலகம்’ என்ற பெயர் வந்தது. பெரியப்பா செத்த பிறகும் கொஞ்ச நாள் அந்த ஜீப் டீக்கடைப் பக்கம் வந்தால் வேகம் குறையும்.