பழைய பைக் சில நாள் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணுகிறது, எதை முதலில் பார்ப்பது?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய 150 சிசி கார்பரேட்டர் பைக், நாலு நாள் ஒரே கிக்கில் எடுக்கிறது, ஐந்தாம் நாள் இருபது கிக் அடித்தாலும் எடுப்பதில்லை, மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனால் அங்கே உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். திருவான்மியூரில் ஒரு மழைக்காலம் முழுக்க நானும் இதே பாடு பட்டேன்.

இந்த மாதிரி விட்டு விட்டு வரும் கோளாறை, வண்டி ஸ்டார்ட் ஆகாத அந்த நேரத்தில் பார்த்தால்தான் பிடிக்க முடியும். நன்றாக ஓடும்போது கொண்டுபோய்க் காட்டினால் எவ்வளவு நல்ல மெக்கானிக்கும் ஊகத்தில்தான் பார்ட்ஸ் மாற்றுவார். அதனால் ஸ்பார்க் பிளக்கை (எஞ்சினுக்குள் தீப்பொறி தருவது) கழற்றும் ஸ்பானரை வண்டியிலேயே வைத்திருங்கள்.

அடுத்த முறை எடுக்காதபோது, பத்து கிக் அடித்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அது இல்லையென்றால் டேங்க் அடியிலுள்ள பெட்ரோல் டேப், ஃபில்டர், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்னத் துளையான பைலட் ஜெட் என்று வரிசையாகப் பாருங்கள். கார்பரேட்டர் அடியிலுள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து முத்தாக நிற்கும். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் இதைத் தவறாமல் பாருங்கள்.

பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் ஸ்பார்க் பக்கம்தான் கோளாறு. என் வண்டியில் ஒவ்வொரு முறையும் நனைந்தே வந்தது. புது பிளக் போட்டேன், பேட்டரி மாற்றினேன், கார்பரேட்டர் சர்வீஸும் ஆயிற்று. கடைசியில் சிடிஐ (ஸ்பார்க் வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) போச்சு என்றார்கள். அதற்குப் பணம் கொடுக்கும் முன், இரண்டு வாரம் வீட்டுக் காலண்டரில் குறித்துவைத்தேன்: என்றைக்கு எடுக்கவில்லை, முந்தின இரவு மழையா, எத்தனை மணிக்கு எடுத்தது. இரவு தூறல் விழுந்த மறுநாள் காலையில் மட்டும்தான் மக்கர், பத்து மணி வெயில் பட்டதும் எடுத்துவிடுகிறது!

அன்று இரவே வண்டி நிறுத்தும் இடத்து லைட்டை அணைத்துவிட்டு, பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தம்பியை கிக் அடிக்கச் சொன்னேன். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால், ஒயர் நுனியில் பிளக் மேல் மாட்டியிருக்கும் பிளக் கேப்பைச் சுற்றி லேசாகத் தெளித்தேன். கேப்பின் கழுத்திலிருந்து எஞ்சின் மேல் நூல் மாதிரி நீலப் பொறி 'டிக் டிக்' என்று தாவியது. (அந்த நேரத்தில் கேப்பையோ ஒயரையோ கையால் தொடாதீர்கள், ஷாக் பலமாக அடிக்கும்.) கேப்பைத் திருகிக் கழற்றினால் ஒயர் நுனியில் செம்புக் கம்பிகள் பச்சை பூத்திருந்தன. கடல் காற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, சென்னையில் வண்டி பார்ட்ஸ் விற்கும் ஜி.பி. ரோட்டில் வாங்கிய புது கேப்பைத் திருகினேன். அதற்குப் பிறகு எந்த மழைக்கும் அது நின்றதில்லை.

நீங்கள் ஈரம் சம்பந்தமில்லாமல், வண்டி சூடாக இருக்கும்போது மட்டும் எடுக்கவில்லை என்றால் இக்னிஷன் காயில் (ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), பல்சர் காயில் (எப்போது ஸ்பார்க் அடிக்க வேண்டும் என்று சிக்னல் தருவது) இரண்டையும் சந்தேகப்படுங்கள். சூட்டில் விட்டுப்போய், ஆறியதும் வேலை செய்யும். எஞ்சின் வால்வைத் திறக்கும் டாப்பெட்டின் இடைவெளியையும் அளக்கச் சொல்லுங்கள். பழைய வண்டியில் டாப்பெட் சத்தமே இல்லை என்பதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள மாட்டேன், இறுக்கமாக இருந்தாலும் சத்தம் வராது.

பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் பழைய சிடிஐ மலிவாகக் கிடைக்கிறதே என்று இப்போதே வாங்கிவிடாதீர்கள். அடுத்த முறை எடுக்காதபோது பிளக் ஈரமா காய்ந்ததா, வண்டி சூடா ஆறியதா என்று இரண்டை மட்டும் பார்த்து இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.