வேளாண்மைக்கு முந்திய கோயிலா?

கேள்வி: வேளாண்மை விளைந்து நெல் வீட்டுக்கு வந்த பிறகே மனிதன் கோயில் கட்டினான் என்று படித்தோம். துருக்கியின் கோபெக்லி தெப்பே இதைப் பொய்யாக்கிவிட்டதாமே?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: பாதி உண்மை. ஷான்லிஉர்ஃபா நகருக்கு அருகே சுண்ணாம்புக்கல் மலைமுகட்டில் உள்ள மேடு அது. ஜேர்மன் ஆய்வாளர் கிளவுஸ் ஷ்மித் 1995இல் அங்கே அகழத் தொடங்கினார். கிடைத்தவை வட்டச் சுவர்கள், அவற்றில் பதித்த ஆங்கில 'டி' வடிவக் கற்றூண்கள். நடுவில் இரண்டு பெருந்தூண்கள். மிக உயர்ந்தவை சுமார் 5.5 மீற்றர். அவற்றின் பக்கங்களில் கைகள், முன்புறம் விரல்கள், இடுப்பில் பட்டி, அதிலிருந்து தொங்கும் நரித்தோல். முகம் மட்டும் இல்லை. வெறும் சூலத்தையும் கல்லையும் வைரவராகக் கும்பிடும் நமக்கு, முகமில்லாத உருவம் புதிதல்ல. ஆனால் அந்தத் தூண்கள் தெய்வங்களா, முன்னோரா என்பதைக் கல் சொல்லாது.

காலம் கி.மு. 9500 முதல் 8000 வரை. எலும்புகள் காட்டு மாடு, மான் வகைகளுடையவை. தானியமும் காட்டுத் தானியமே. ஆகவே கட்டியவர்கள் வேட்டையாடி, சேகரித்து உண்டவர்கள். இது அசையாத செய்தி. அங்கே யாரும் குடியிருக்கவில்லை, வழிபடக் கூடிய கூட்டத்துக்குச் சோறு போடவே பயிர்ச்செய்கை பிறந்தது என்று ஷ்மித் கருதினார். அவர் 2014இல் மறைந்த பின் வீடுகளும் மழைநீர் சேகரித்த அமைப்புகளும் தெரியவந்தன. அரைகற்களே 7000க்கு மேல். 'உலகின் முதல் கோயில்' என்ற பட்டத்தை இனி விட்டுவிடலாம். குடியிருப்பும் வழிபாடும் ஒரே மேட்டில் இருந்தன என்பதே எனக்கு இன்னும் வியப்பு.

கேள்வி: கல்லின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்? எங்கள் காணியிலும் பழைய கற்கள் கிடக்கின்றன.
– வாசகர், திருக்கோவில்

பதில்: கல்லை அல்ல, அதோடு சேர்ந்த கரி, எலும்பு, விதையைத்தான் கணிக்கிறார்கள். உயிர் போனதும் அவற்றிலுள்ள காபன்-14 என்ற கதிரியக்கக் காபன் குறையத் தொடங்கி, 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். சுவர்ச் சாந்துக்குள் சிக்கிய கரி நல்ல சாட்சி. இடத்தை நிரப்பிய மண்ணிலுள்ள கரி ஏமாற்றும். அது மேட்டிலிருந்து சரிந்து வந்ததாக இருக்கலாம். பெருமரத்தின் வயிரக் கரியும் கட்டடத்தை விடப் பழைய வயதையே காட்டும். ஓராண்டில் விளையும் விதையே சிறந்தது.

உங்கள் கற்களைப் புரட்டாதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், வடக்குத் திசையைக் குறியுங்கள், தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். கல்லுக்கடியில் கிடக்கும் மண்படையில்தான் வயது இருக்கிறது. மண்வெட்டி பட்டு அது கலங்கினால் எந்த ஆய்வுகூடத்தாலும் பழையபடி அடுக்க முடியாது.